என் மெஷின்ல செத்துடுச்சே!

மக்களே, ஆபீஸ்ல ஆணி ரொம்ப ஓவர். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. சேர்த்து வெச்சு இன்னைக்குக் கொஞ்சம் பெரிய பதிவு. ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

பொட்டி தட்டுற அத்தனை பேருக்கும் ஒரு வசனம் மனப்பாடம். கஸ்டமர் போன்ல கத்திக்கிட்டு இருப்பார். மேனேஜர் முகம் செவந்து நிப்பார். அந்த நேரத்துல டெவலப்பர் ரொம்ப நிதானமா, "என் மெஷின்ல ஓடுதே" அப்டீம்பார். பாவம், அவர் பொய் சொல்லலை. அவர் மெஷின்ல நிஜமாவே ஓடும். அங்க யூசர் ஒரே ஆள், டேட்டா பத்து வரி, நெட்வொர்க்ல தடங்கலே கிடையாது. புரொடக்ஷன் சர்வர்ல நிலைமை வேற. அதனாலதான் புரொடக்ஷன் மாதிரியே இன்னொரு சூழலைக் கட்டி, அதுல சோதிச்சுப் பார்த்துட்டு அப்புறமா வெளிய விடறோம்.

இதே கதை மருத்துவத்துலயும் உண்டு. வசனம் மட்டும் லேசா மாறும்: "என் தட்டுல செத்துடுச்சே!"

எனக்கு இது தெரிய வந்தது பக்கத்து வீட்டுக்காரர் மூலமா. நான் இருக்கிறது வட கரோலினாவுல, ராலே பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட். தினமும் காலையில ஆறு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி ஒன்பதுக்கு ஒரு தடவை, சுவருக்கு அந்தப் பக்கத்துல இருந்து அரை மணி நேரம் 'டடடட'ன்னு ஒரு சத்தம் வரும். பேசிப் பழகினப்புறம் அவரே காட்டினார். காத்தடைச்ச ஒரு ஜாக்கெட். ரெண்டு குழாய் வழியா மெஷின் அதை உதறிக்கிட்டே இருக்கும். நெஞ்சுக்குள்ள ஒட்டிக் கிடக்கிற சளியைக் கழட்டி மேல கொண்டு வரத்தான் அந்தக் குலுக்கல். அவருக்கு வயசு 26. வியாதி பேரு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சுருக்கமா சிஎஃப்னு சொல்றாங்க, நானும் அப்படியே சொல்றேன்.

ஒரு நாள் அவரோட சளிப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டினார். சூடோமோனாஸ்னு கிருமி பேரு, கீழ வரிசையா ஆன்டிபயாடிக் பேருங்க. டோப்ராமைசினுக்கு நேரா 'கட்டுப்படும்'னு போட்டிருக்கு. "பல வருஷமா இதே கிருமிதான் உள்ள இருக்கு. பல வருஷமா ரிப்போர்ட்டும் இதையேதான் சொல்லுது. நானும் அந்த மருந்தை உறிஞ்சிக்கிட்டுதான் இருக்கேன். இது மட்டும் போக மாட்டேங்குது" அப்டீன்னு சிரிச்சார். டெஸ்ட் பாஸ், புரொடக்ஷன் ஃபெயில். எங்க தொழில்ல இருக்கிற யாருக்கும் இதைக் கேட்டா கை அரிக்கும். அன்னைக்கு ராத்திரியில இருந்து நான் படிக்க ஆரம்பிச்சதோட சுருக்கம்தான் இது.

முதல்ல வியாதி என்னன்னு பார்த்துடுவோம். 1938ல நியூயார்க்ல டோரத்தி ஆண்டர்சன்ங்கற டாக்டர் இதைத் தனி வியாதியா முழுசா விவரிச்சு எழுதினாங்க. காரணமான மரபணு கிடைச்சது 1989ல. டொராண்டோவுல லாப்-சீ சுய், ஜான் ரியார்டன், மிச்சிகன்ல ஃபிரான்சிஸ் காலின்ஸ், இவங்க குழுக்கள் சேர்ந்து ஏழாவது குரோமோசோம்ல அதைக் கண்டுபிடிச்சாங்க. அந்த மரபணு சிஎஃப்டிஆர்னு ஒரு புரதத்தைச் செய்யுது. செல்லோட சுவர்ல ஒரு மதகு மாதிரி உட்கார்ந்துக்கிட்டு, குளோரைடையும் பைகார்பனேட்டையும் வெளிய விடறது அதோட வேலை. உப்பு போற பக்கம் தண்ணியும் போகும். மதகு திறக்கலைன்னா மூச்சுக்குழாய்ச் சுவர் மேல இருக்க வேண்டிய ஈரம் குறைஞ்சுடும். சளி பசை மாதிரி ஆயிடும்.

அந்தப் புரதத்துல மொத்தம் 1,480 அமினோ அமிலங்கள். உலகத்துல அதிகமா இருக்கிற பிழை எஃப்508டெல். 508வது இடத்துல ஒண்ணே ஒண்ணு காணாம போயிடுது, அவ்ளோதான். எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு இருக்கிறது வேற ரகம், ஜி542எக்ஸ். புரோகிராம் நடுவுல யாரோ ஒரு 'ரிட்டர்ன்' எழுதி வெச்ச மாதிரி, 542வது இடத்தோட புரதம் செய்யற வேலையே நின்னுடும். அப்பா கிட்ட இருந்து வந்த பிரதியிலும் அதே, அம்மா கிட்ட இருந்து வந்ததுலயும் அதே.

நம்ம எல்லாருடைய மூச்சுக்குழாய்லயும் தினமும் தூசியும் கிருமியும் விழுந்துக்கிட்டேதான் இருக்கு. சுவர்ல இருக்கிற நுண்மயிர்கள் ஒரு நொடிக்குப் பத்து தடவை அளவுக்கு அடிச்சு, சளியோட சேர்த்து அதைத் தொண்டைக்குத் தள்ளிடும். நாம தெரியாமலே முழுங்கிடுவோம். சிஎஃப் இருக்கிறவங்களுக்கு அந்த கன்வேயர் பெல்ட் நின்னு போச்சு. சின்ன வயசுல ஸ்டஃபைலோகாக்கஸ், ஹீமோஃபிலஸ்னு கிருமிங்க வரும். வளர வளர சூடோமோனாஸ் வந்து குடியேறும். அப்புறம் பயோஃபிலிம்னு ஒரு கொழகொழ கோட்டையைக் கட்டிக்கிட்டு உள்ள உட்கார்ந்துக்கும். வருஷக்கணக்குல அழற்சி நடந்து நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமா சேதமாகும். சிஎஃப் நோயாளிகள் இறந்து போறதுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

சரி, ரிப்போர்ட் ஏன் ஒண்ணு சொல்லுது, நெஞ்சு ஏன் வேற சொல்லுது? கிருமியை லேப்ல எப்படி சோதிக்கிறாங்கன்னு பார்த்தா பாதி பதில் கிடைச்சுடும். சத்தான கரைசல்லயோ தட்டுலயோ கிருமியை வளர விட்டு, எந்த அளவு மருந்துல வளர்ச்சி நிக்குதுன்னு பார்ப்பாங்க. சாதாரண நோய்த்தொற்றுகளுக்கு இது நல்லாவே வேலை செய்யற டெஸ்ட். ஆனா அந்தத் தட்டுல சளி இல்லை, செல் இல்லை, பயோஃபிலிம் கோட்டை இல்லை. சூடோமோனாஸ் தொத்து இருந்த சிஎஃப் நோயாளிகளை வெச்சு 2003ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஊசி வழியா ஆன்டிபயாடிக் ஏத்தினப்போ அவங்களுக்குக் கிடைச்ச பலனுக்கும், தட்டுல கிடைச்ச ரிசல்ட்டுக்கும் சம்பந்தமே தெரியலைன்னு அது சொல்லுச்சு.

தட்டு சரிப்படலைன்னா சுண்டெலி இருக்கேன்னு கேப்பீங்க. 1992ல சிஎஃப் மரபணுவைக் கெடுத்த சுண்டெலிகளை உருவாக்கிட்டாங்க. அதுங்களுக்குக் குடல்ல பிரச்சினை வந்துச்சு. நுரையீரல்ல மட்டும் மனுஷனுக்கு வர்ற மாதிரி நோய் தானா வரவே இல்லை. புரொடக்ஷன்ல வர்ற பக் டெஸ்ட் சர்வர்ல வரவே மாட்டேங்குதுன்னா அந்த சர்வரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

அங்கதான் வளர்ப்புத் திசு வருது. மனுஷ மூச்சுக்குழாய்ல இருந்து எடுத்த அடித்தள செல்களை, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கிற பிளாஸ்டிக் சவ்வு மேல விதைப்பாங்க. சவ்வு ஒரு குட்டிக் கிண்ணத்தோட அடிப்பாகம். முதல்ல மேலயும் கீழயும் ஊட்டத் திரவம். செல்கள் பரவி இடைவெளி இல்லாம மூடினதும், மேல இருக்கிற திரவத்தை உறிஞ்சி எடுத்துடுவாங்க. இப்போ செல்லுக்குக் கீழ சாப்பாடு, மேல வெறும் காத்து. நம்ம மூச்சுக்குழாய்லயும் இதே ஏற்பாடுதானே!

காத்து பட்டதும் அந்த செல்களுக்குத் தான் யாருன்னு ஞாபகம் வந்துடும் போல. மூணு நாலு வாரத்துல சில செல்லுங்க சளி சுரக்க ஆரம்பிக்கும், சிலதுக்கு நுண்மயிர் முளைக்கும். மைக்ராஸ்கோப்ல பார்த்தா அந்த மயிர் எல்லாம் ஒண்ணா அடிக்கிறது தெரியும். தள்ளிக் கொண்டு போறதுக்குத் தொண்டை இல்லையா, அதனால சளி அந்தக் கிண்ணத்துக்குள்ளயே, தேர் நாலு வீதி சுத்தி வர்ற மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். வீடியோ இருக்கு, கண்டிப்பா தேடிப் பாருங்க. ஒரு மனுஷனோட மூச்சுக்குழாய்த் துண்டு, அந்த மனுஷன் இல்லாமலே வேலை பார்த்துக்கிட்டு இருக்கும். கொஞ்சம் சிலிர்க்கும்.

இந்தத் திசுவை வெச்சு நடந்த ஒரு சண்டைதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1996ல அயோவா பல்கலைக்கழகத்துல மைக்கேல் வெல்ஷ் குழு, ஆரோக்கியமான திசு மேல கொஞ்சம் பாக்டீரியாவைப் போட்டாங்க. திசுவே அதைக் கொன்னுடுச்சு. சிஎஃப் திசு மேல போட்டாங்க. கொல்ல முடியலை. திசு மேல இருக்கிற திரவத்துல உப்பு ஜாஸ்தி, அதனால இயற்கையான கிருமிக்கொல்லிப் புரதங்கள் செயலிழந்து போகுதுன்னு விளக்கம் சொன்னாங்க. 1998ல எங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கிற சாப்பல் ஹில்ல, வட கரோலினா பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் பவுச்சர் குழு அதே மாதிரி திசுவை வளர்த்து, "உப்பு எல்லாம் ஒரே அளவுதான், திரவம்தான் வத்திப் போகுது. மயிர் மடங்கிப் படுத்துக்குது, சளி நகரலை"ன்னாங்க. 2012ல அயோவாக்காரங்க சிஎஃப் பன்றிக்குட்டிகளை வெச்சு, "திரவம் அமிலமா இருக்கு, அதனாலதான் கொல்ற சக்தி குறையுது"ன்னு அடுத்த விளக்கத்தோட வந்தாங்க.

முதல் விளக்கம் மாறிப் போச்சு. ஆனா பார்த்த உண்மை மாறலை: சிஎஃப் திசுவால கிருமியைக் கொல்ல முடியலை. இந்தக் கேள்வியைக் கேக்கறதுக்கே திசு வேணும். பிளாஸ்டிக் தட்டு கிட்ட, "நீ ஏன் கிருமியைக் கொல்லலை?"ன்னு கேக்க முடியுமா?

இந்தச் சண்டையால நோயாளிக்கு என்ன லாபம்னு கேட்டீங்கன்னா, உப்புத்தண்ணி. ஆஸ்திரேலியாவுல கடல்ல சர்ஃபிங் போற சிஎஃப் நோயாளிகளுக்கு நெஞ்சு கொஞ்சம் தேவலாம்னு டாக்டர்கள் கவனிச்சிருந்தாங்க. 2006ல சிட்னி குழுவும் சாப்பல் ஹில் குழுவும், 7 சதவீத உப்புக் கரைசலை நெபுலைசர்ல உறிஞ்சினா பலன் இருக்குன்னு ஒரே பத்திரிகை இதழ்ல எழுதினாங்க. வத்திப் போன இடத்துல உப்பைப் போட்டா அது தண்ணியை வெளிய இழுக்கும். திசுல பார்த்த கணக்கு நெஞ்சுலயும் சரியா வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு உறிஞ்சறது இதைத்தான்.

இப்போ ரிப்போர்ட் விஷயத்துக்கு வர்றேன். 2008ல டார்ட்மத் மருத்துவக் கல்லூரியில புரூஸ் ஸ்டான்டன், ஜார்ஜ் ஓ'டூல் குழுக்கள் மூச்சுக்குழாய் செல்களை விரிப்பு மாதிரி வளர்த்து, அது மேல சூடோமோனாஸைக் குடியேத்தினாங்க. அது பயோஃபிலிம் கட்டுற வரைக்கும் விட்டுட்டு டோப்ராமைசின் குடுத்தாங்க. வெறும் பிளாஸ்டிக் மாதிரி உயிரில்லாத பரப்புல வளர்ந்த கிருமியை விட, செல் மேல வளர்ந்தது 25 மடங்குக்கும் மேல தாக்குப் பிடிச்சுது. அதைக் கொல்லத் தேவையான மருந்தோட அளவு, நோயாளியோட நுரையீரல்ல எட்ட முடிஞ்ச அளவை விட 10 மடங்கு.

இந்த வரியைப் படிச்சதும் நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். ரிப்போர்ட் பொய் சொல்லலை. தட்டுல செத்தது நிஜம். நெஞ்சுல சாகாததும் நிஜம். சூழல்தான் வேற.

இன்னொரு விஷயமும் அங்க தெரிஞ்சுது. எஃப்508டெல் இருக்கிற செல்கள் மேற்பரப்புல இரும்புச்சத்தை அதிகமா கசிய விடுது. சூடோமோனாஸுக்கு இரும்புன்னா அல்வா மாதிரி. இரும்பைப் பிடிச்சுக் கட்டிப் போட்டா பயோஃபிலிம் குறையுது. சரியான மரபணுவை அந்த செல்லுக்குக் குடுத்தாலும் குறையுது. ஆக வீட்டுக்கு வந்த திருடனுக்கு வீட்டுக்காரனே சோறு போட்டுக்கிட்டு இருக்கான். 2009ல அதே குழு, தலசீமியா நோயாளிகளுக்கு உடம்புல தேங்கற இரும்பை வெளியேத்தறதுக்குக் குடுக்கிற மருந்துகளை டோப்ராமைசினோட சேர்த்து இந்த செல்கள் மேல சோதிச்சப்போ, பயோஃபிலிம் நல்லாவே அடி வாங்குச்சு.

உடனே கை தட்டிடாதீங்க. இந்தத் திசுவும் முழு புரொடக்ஷன் கிடையாது. ரத்த ஓட்டம் இல்லை. நியூட்ரோஃபில்னு சொல்ற வெள்ளையணுக்கள் இல்லை. நிஜ நுரையீரல்ல சேதத்துல நிறைய அந்த வெள்ளையணுக்கள் பண்றதுதான். காலமும் இல்லை. நோயாளி நெஞ்சுல கிருமி இருபது வருஷம் குடித்தனம் பண்ணுது. திசு மேல விட்டா ஒரு நாள் ரெண்டு நாள்ல திசுவையே தின்னு தீர்த்துடும். அதனால திசுல நடந்தது எல்லாம் ஆள்லயும் நடந்தே தீரும்னு யாரும் சொல்றதில்லை. ஆனா தட்டுக்கும் மனுஷனுக்கும் நடுவுல இருந்த பெரிய பள்ளத்துல இது ஒரு பலகை.

"அதான் மாத்திரை வந்துடுச்சே, இன்னும் எதுக்கு இதெல்லாம்?"னு கேக்கறவங்களும் உண்டு. வந்தது நிஜம்தான். மதகைத் திறக்கிற முதல் மருந்து ஐவகாஃப்டர். அது வேலை செய்யுதுன்னு 2009ல முதல்ல காட்டினதும் நோயாளிகளோட மூச்சுக்குழாய் செல்களை வளர்த்துதான். 2012 ஜனவரியில அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. 2019 அக்டோபர்ல மூணு மருந்து சேர்ந்த டிரிகாஃப்டா வந்துச்சு. படுத்த படுக்கையா இருந்தவங்க எழுந்து வேலைக்குப் போறாங்க, கல்யாணம் பண்ணிக்கிறாங்க. வந்தப்போ அதோட பட்டியல் விலை வருஷத்துக்கு 3 லட்சத்து 11 ஆயிரம் டாலர்ங்கறது தனிப் புலம்பல்.

ஆனா ரெண்டு விஷயம் மிச்சம் இருக்கு. ஒண்ணு, ஏற்கனவே குடியேறின கிருமி. ஐவகாஃப்டர் ஆரம்பிச்ச 12 பேரைப் பின்தொடர்ந்து 2017ல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. ரெண்டே நாள்ல சளியில சூடோமோனாஸ் குறைய ஆரம்பிச்சுது. ஆனா ஒருத்தருக்குக் கூட அது முழுசா ஒழியலை. முதல் வருஷத்துக்கு அப்புறம் மறுபடி ஏற ஆரம்பிச்சுது. மதகைச் சரி பண்ணியாச்சு, ஆனா கோட்டை அப்படியே நிக்குது. ரெண்டாவது, அமெரிக்காவுலயே சுமார் 10 சதவீதம் பேருக்கு இந்த மாத்திரைகள் பலன் தராது. ஜி542எக்ஸ் மாதிரி பிழை ரெண்டு பிரதியிலும் இருந்தா மதகே கிடையாது, எதைத் திறக்கிறது? எங்க பக்கத்து வீட்டுக்காரர் அந்த 10 சதவீதத்துல ஒருத்தர். அவருக்கு இன்னைக்கும் உப்புத்தண்ணி, ஜாக்கெட், ஆன்டிபயாடிக்தான். கிருமியை ஜெயிக்கிற வழியைத் திசு மேல யாராவது கண்டுபிடிச்சா அவருக்கும் ஒரு வழி பிறக்கும்.

நம்ம ஊர்ல இது இல்லைன்னு ரொம்ப காலம் நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. இருக்கு. பல குழந்தைகளுக்கு ஆஸ்துமான்னும் டிபின்னும் வைத்தியம் நடந்துக்கிட்டு இருக்கு. இந்தியாவுல எஃப்508டெல்லோட பங்கு மேல்நாடுகளை விடக் குறைவு, அபூர்வமான பிழைகள் அதிகம். ஒவ்வொரு அபூர்வப் பிழைக்கும் ஆயிரம் பேரைச் சேர்த்து ஆய்வு நடத்த முடியாது. உலகத்துலயே நாலஞ்சு பேருக்குத்தான் இருக்கும். அந்த மாதிரி இடத்துல செல்லை வளர்த்துப் பார்க்கிறது கை குடுக்கிற ஒரு வழி. 2020 டிசம்பர்ல அமெரிக்க எஃப்டிஏ, லேப்ல வளர்த்த செல்கள்ல கிடைச்ச ரிசல்ட்டை வெச்சே 177 அபூர்வப் பிழைகளுக்கு டிரிகாஃப்டாவை அனுமதிச்சுது.

இந்தத் திசுவுக்கு விதை எங்க இருந்து வருதுன்னு சொல்லாம விட்டா பாவம். மூக்குக்குள்ள பிரஷ் விட்டு உரசி எடுக்கிறது ஒரு வழி. இன்னொரு முக்கியமான வழி, நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை. புதுசு வைக்கிறப்போ பழசைக் கழட்டுவாங்க இல்லையா, அந்தப் பழசுதான். முப்பது வருஷம் ஒருத்தரை மூச்சு விட விடாம படுத்தின நுரையீரல். "எடுத்துக்கோங்க"ன்னு அவங்க முன்னாடியே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பாங்க. அதுல இருந்து பிரிச்ச செல்லை உறைய வெச்சு, ஊர் ஊரா லேபுங்களுக்கு அனுப்புறாங்க. மேல சொன்ன ஆய்வுகள்ல பலதுக்குப் பின்னாடி பேர் தெரியாத இந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க. அவங்கள்ல நிறைய பேர், தங்களோட செல்லுல சோதிச்ச மருந்து கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிஞ்ச குழந்தைக்கு ஓயாத சளி இருமல், நல்லா சாப்பிட்டும் எடை ஏறலை, முத்தம் குடுத்தா தோல் வழக்கத்துக்கு மீறி உப்புக் கரிக்குது, வியர்வை காய்ஞ்சா நெத்தியில உப்புப் பூக்குதுன்னா, குழந்தை டாக்டர் கிட்ட 'வியர்வை உப்பு டெஸ்ட் எடுக்கணுமா'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. வலிக்காத டெஸ்ட். டெல்லி எய்ம்ஸ், வேலூர் சிஎம்சி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிகள்ல இந்த வியாதியைப் பார்க்கிறாங்க. உப்புக் கரிச்சாலே சிஎஃப்னு பயந்துடவும் வேண்டாம், கேட்டா தப்பில்லை, அவ்ளோதான்.

டாக்டர்கள், உயிரியல் படிச்சவங்க யாராவது இருந்தா, நான் விட்டதை நீங்க சேர்த்துச் சொல்லுங்க. நான் மறுபடி ஆணி புடுங்கப் போறேன் :-)